ஈஸ்ட் போடாத நான் ரொட்டி வறட்டிபோல் வருகிறது: உதவி தேவை

சோழவந்தான் வீடு:
எங்கள் ஊர் மளிகைக் கடையில் ஈஸ்ட் கிடைப்பதில்லை. மதுரை கீழமாசி வீதிக்குப் போகும்போது வாங்கி வந்தாலும், பாதி டப்பா வீணாகிவிடுகிறது. விடுதியிலிருந்து மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள். நான் ரொட்டிதான் வேண்டுமாம். இரண்டு கப் மைதா, அரை கப் தயிர், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, உப்பு. பிசைந்த கையோடு தேய்த்து, நான்ஸ்டிக் கல்லில் மிதமான தீயில் போட்டேன். விளிம்பு காய்ந்துவிட்டது, நடுவில் பச்சை மாவு வாசம். அங்கங்கே மஞ்சள் புள்ளி. அந்த இடத்தைக் கடித்தால் சோப்பை நக்கியதுபோல் கசக்கிறது. இரண்டு முறையும் இதே கதிதான். ஈஸ்ட் இல்லாமல் இது வரவே வராதா?

தெற்குவாசல்:
வரும் அக்கா. அந்த மஞ்சள் புள்ளி கரையாத சோடா. இரண்டு கப்புக்குக் கால் டீஸ்பூன் சோடாவும் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் போதும். மைதாவோடு சேர்த்து இரண்டு முறை சலித்துவிடுங்கள். தயிர் கொஞ்சம் புளித்திருக்க வேண்டும். அந்தப் புளிப்பு பட்டால்தான் சோடா வாயுவாகப் பொங்கி மாவைத் தூக்கும். புளிப்பு போதாவிட்டால் சோடா மாவிலேயே தங்கிக் கசக்கும். நம் ஊர் வெயிலுக்குக் காலையில் உறைந்த தயிரை வெளியே வைத்தால் மாலைக்குள் பதமாகிவிடும்.

மாவுக் கை:
பதினொரு ஆண்டுகள் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவன் நான். நம் பரோட்டாவில் ஈஸ்ட் ஏது? இருந்தும் பஞ்சுபோல் பிய்கிறதே, அடித்துப் பிசைவதும் எண்ணெய் தடவி ஊறவைப்பதும்தான் காரணம். உங்கள் மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிப் பின்வாங்கியதா?

சோழவந்தான் வீடு:
ஆமாம் அண்ணே, ரப்பர்போல் இழுத்துக்கொண்டது. மைதாவைத் தூவித் தூவித் தேய்த்தேன்.

மாவுக் கை:
அங்கேதான் தவறு. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் பிசையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, ஈரத் துணி போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். உருட்டியபிறகு இன்னொரு பத்து நிமிடம். விரலால் அமுக்கினால் குழி மெதுவாக மேலெழ வேண்டும். சட்டென்று மேலே வந்தால் மாவு இன்னும் ஊறவில்லை.

தெற்குவாசல்:
கடைகளில் நான் ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மாவின் ஈரம் நொடியில் ஆவியாகி ரொட்டியை உப்பவைக்கிறது. மிதமான தீயில் ஈரம் மெல்லக் கசிந்து காய்ந்துபோகும். நான்ஸ்டிக்கை மறந்துவிடுங்கள், 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு கெட்டுப் புகையும், ரொட்டியும் அதில் ஒட்டாது. இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, ரொட்டியின் ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் கல்லில் படும்படி போடுங்கள். மேலே குமிழ் எழும்பியதும் கல்லைத் தீயின்மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும், ஈரத்தில் ஒட்டிய ரொட்டி விழாது.

சோழவந்தான் வீடு:
எங்கள் தோசைக்கல்லுக்குக் கைப்பிடி கிடையாதே. கனமும் அதிகம்.

தெற்குவாசல்:
அதைக் கவிழ்க்க முயலவே வேண்டாம், கை சுட்டுவிடும். ரொட்டியைப் போட்டதும் மூடி வையுங்கள். ஒரு நிமிடத்தில் குமிழ் வரும். தோசைத் திருப்பியால் பெயர்த்து, இடுக்கியால் பிடித்து மேல்பக்கத்தை நேராகத் தீயில் காட்டுங்கள்.

சோழவந்தான் வீடு:
வெள்ளி இரவு செய்தேன். முதல் ரொட்டி கல்லில் ஒட்டவே இல்லை. அடியில் உலர்ந்த மாவு இருந்திருக்கிறது. அடுத்ததை நன்றாகத் தட்டி உதறிவிட்டு, விளிம்புவரை தண்ணீர் தடவிப் போட்டேன். மூடியைத் திறந்தபோது நெல்லிக்காய் அளவில் ஏழெட்டுக் குமிழ்கள்! தீயில் காட்டியதும் அவற்றின் தலை மட்டும் கறுத்தது. வெண்ணெய் தடவிப் பிய்த்தால் உள்ளே இழை இழையாக ஆவி வந்தது. பல் இல்லாத என் மாமனார் இரண்டு சாப்பிட்டார். மனம் நிறைந்துவிட்டது. மூன்று உருண்டை மீதி இருக்கிறது, நாளைக்கு நான் ரொட்டியாகுமா?

மாவுக் கை:
சோடாவின் வேகம் அதற்குள் அடங்கிவிடும், இவ்வளவு உப்பாது. இரவு குளிர்பெட்டியில் வைத்து, காலையில் மெல்லியதாகத் தேய்த்து எண்ணெய் விட்டுச் சுட்டுவிடுங்கள். நாளை இரவுவரை வைத்திருக்காதீர்கள் தங்கச்சி, புளித்துவிடும்.