பிஎஸ்ஏடி: ஆங்கிலப் பகுதிக்கு வழி சொல்லுங்கள்

டெக்சஸ் வாழ் பெற்றோருக்கு வணக்கம். மகள் பத்தாம் வகுப்பில் எழுதிய பிஎஸ்ஏடியில் (கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடியின் முன்னோட்டத் தேர்வு) கணிதம் 760, ஆங்கிலம் 690. மொத்தம் 1450 என்று வீடே மகிழ்ந்தது. ஆனால் இந்தத் தேர்வை வைத்துக் கல்லூரிப் படிப்புக்குத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக் கணக்கில் ஆங்கிலத்துக்கு இரட்டை மதிப்பு. 228-க்கு 214தான் வருகிறது. இதே மதிப்பெண்கள் இடம் மாறியிருந்தால் 221! கணக்குப் புலிகளுக்கு இது என்ன நியாயமோ. இங்கே கட்-ஆஃப் வேறு அதிகம்.

பதினொன்றாம் வகுப்பில், வரும் அக்டோபரில் எழுதுவதுதான் உதவித்தொகைக்குச் செல்லும். இலக்கணத்தில் தவறுவதில்லை, கவிதையிலும் பழைய நாவல் பத்திகளிலும்தான் சறுக்குகிறாள். தனிப்பயிற்சி தேவையா, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் இலவச மாதிரித் தேர்வுகளே போதுமா? நேஷனல் மெரிட் இறுதிச்சுற்றை எட்டிய பிள்ளைகளின் பெற்றோர் சொல்லுங்களேன். முழுக் கட்டணத்தையும் ஏற்கும் கல்லூரிகள் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நேஷனல் மெரிட் தரும் 2,500 டாலர் விடுதிக்கே காணாது.