தறிச் சத்தத்தை வினைலில் மட்டும் வெளியிடச் சொல்கிறார் நண்பர். சம்மதிக்கலாமா?

கல்லுக்கட்டி மேற்கு:

வணக்கம். ஊர் காரைக்குடி. இரண்டு வருஷமாக ஒரே வேலையில் கிடக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி கண்டாங்கி நெய்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது. விடிகாலை ஐந்தரைக்கு அங்கே தறியில் முதல் மிதி விழும். மிதிக்குக் கீழே ஒரு மைக், ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற பலகையின் இரு முனையிலும் ஒவ்வொன்று என்று வைத்துப் பல நாள் பதிவு செய்தேன். அந்தச் சத்தங்களை இழுத்தும் சுருக்கியும், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கியும் 38 நிமிஷத்துக்கு ஒரு இசை செய்திருக்கிறேன். பாட்டு இல்லை, ராகம் இல்லை. சோதனை இசை என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினாறாவது நிமிஷத்தில் இழை அறுந்துபோகும். நெய்கிறவர் முடிச்சுப் போட்டுத் திரும்ப மிதிக்கும்வரை ஏறக்குறைய நான்கு நிமிஷம். அவர் மூச்சு கேட்கும், தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்கும், அவ்வளவுதான். மொத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் சொந்தக் காசில் 200 வினைல் இசைத்தட்டு போட்டுத் தருகிறேன் என்கிறார். ஒரு நிபந்தனை: வினைலில் மட்டும்தான். இணையத்தில் என்றைக்கும் ஏற்றக் கூடாது. இந்த மாதிரி இசையைப் போனில் விட்டால் இருபது நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு மட்டும் போய்ச் சேரட்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் பிள்ளை:

தம்பி, தயங்காமல் சம்மதியுங்கள். நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முகப்பில் உட்கார்ந்து தட்டு கேட்கிறவன். உறையிலிருந்து எடுத்து, துடைத்து, ஊசியை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடிகிறவரை எழுந்திருக்கத் தோன்றாது. அதே இசையைப் போனில் போட்டால் நடுவில் நாலு செய்தி வரும், கை தானாகப் போகும். என்னிடமே நான் பார்த்த வித்தியாசம் இது.

இன்னொன்று, இந்த வகை இசைக்கும் தட்டுக்கும் தொப்புள்கொடி உறவு உண்டு. பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் 1948-இல் ரயில் சத்தங்களை வைத்து இசை செய்தபோது கையில் இருந்தது தட்டுதான். தட்டில் ஊசி ஓடுகிற சுருள் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டு ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வைத்தார். தட்டுகளையே வாத்தியமாக்கிய கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே 1985-இல் உறையே போடாமல் ஒரு தட்டை வெளியிட்டார். வாங்குகிறவர் கையில் சேரும் தூசியும் கீறலும் அந்த இசையோடு சேர வேண்டும் என்பதற்காக. அதையெல்லாம் போனில் கேட்டால் அர்த்தம் ஏது? உங்கள் தறியும் சுற்றிச் சுற்றி வருகிற சத்தம்தானே.

ரஸ்தா ரெக்கார்டு:

தம்பிக்கும் கானாடுகாத்தான் அண்ணனுக்கும் வணக்கம். எனக்கு வயது 63. இருபது வருஷம் ரெக்கார்டு பிளேயர் பழுதுபார்த்துச் சாப்பிட்டவன். இன்றைக்கும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் தட்டு வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். தட்டுமேல் எனக்குள்ள பிரியத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் "மட்டும்" என்ற அந்த ஒரு சொல்லுக்குச் சம்மதிக்காதீர்கள்.

மார்க்லே செய்தது சரி. அங்கே கீறல்தான் இசை. தட்டை எடுத்துவிட்டால் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் இசை அப்படியா? உங்களுக்குப் பிடித்த அந்த நான்கு நிமிஷத்தையே எடுத்துக்கொள்வோம். மூச்சுச் சத்தம் மெல்லியது. எவ்வளவு நல்ல தட்டானாலும் ஊசி உரசுகிற இரைச்சல் அடியில் இருந்துகொண்டே இருக்கும். புதுத் தட்டில் முதல் பத்துத் தடவை மூச்சு கேட்கும். நம் ஊர்ப் புழுதியில் ஒரு வருஷம் கழித்துப் படபடவென்ற பொரிச் சத்தத்துக்கு நடுவில்தான் அந்த மூச்சைத் தேட வேண்டும்.

அப்புறம் கணக்கு. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 20, 22 நிமிஷம் வரை நல்லபடியாகப் பிடிக்கும். 38-ஐப் பாதியாக வெட்டினால் 19. உங்கள் முடிச்சின் நடுவில் போய் விழுகிறது! வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 செ.மீ. பள்ளம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ.தான். அதனால் உள்பக்கம் போகப் போக நாடாவின் அந்தக் கூர்மையான "டக்" மழுங்கும். மிதி விழுகிற கனத்த சத்தத்தை இடது வலதாகப் பிரித்து வைத்திருந்தீர்கள் என்றால் ஊசி துள்ளும். தட்டுக்குப் பள்ளம் வெட்டுகிறவர் அதை நடுவுக்குக் கொண்டுவரத்தான் செய்வார். இதெல்லாம் குற்றமில்லை, தட்டின் சுபாவம். இதற்கென்றே செய்த இசை என்றால் அழகாக உட்காரும். நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லையே.

நம் ஊருக்குத் தட்டு புதிதில்லை. ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் காரைக்குடியில் அவர் தகப்பனார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டு விற்றார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற தட்டு நிறுவனம். அப்புறம் இதே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 1947-இல் "நாம் இருவர்" கொண்டுவந்தார். அந்தக் காலத்துத் தட்டு நாலு பேரைக் கூட்டுகிற சாமான். கல்யாண வீட்டில் ஒரு பெட்டி பாடினால் வளவு முழுக்கக் கேட்கும், திண்ணையில் நிற்கிறவனுக்கும் கேட்கும். ஆளைக் குறைப்பதற்கு யாரும் தட்டு போடவில்லை.

பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் தட்டு அறை இருந்தது. சாவி ஒரு பங்காளியிடம், அவர் பினாங்கில். பதினோரு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திறந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். படுக்க வைத்திருந்தவை நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டுகள், அரக்கில் செய்தவை. மேலே வெள்ளையாகப் பூசணம், துடைத்தால் போயிற்று. சுவரில் சாய்த்து வைத்திருந்த வினைல் தட்டுகள் மேற்கு வெயில் பட்டு அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. உறைகளைச் செல் அரித்து, எது யார் பாடியது என்றே தெரியவில்லை. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பள்ளமெல்லாம் புதுசு. ஐந்தாறு தடவைகூட ஓடியிருக்காது. அந்த வீட்டுப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய் போன்றவர்கள் 1972 வரை அதில் மின்னிசை செய்தார்கள். எல்லாம் ஒலிநாடாவாக அலமாரியில் கிடந்து 2023-இல்தான் வெளியே வந்தது. ஐம்பது வருஷம்! இடையில் உங்களை மாதிரி எத்தனை பிள்ளைகள் தனக்கு முன்னால் இந்த நாட்டில் யாருமே இதைச் செய்யவில்லை என்று நினைத்திருப்பார்கள். 200 தட்டு 200 அலமாரிக்குள் போகும். தட்டு போடுங்கள், நானே முதல் ஆளாக வாங்குகிறேன். கூடவே கேட்கிற வழி ஒன்றும் திறந்திருக்கட்டும்.

பாவும் ஊடையும்:

எங்கள் வீட்டிலும் கண்டாங்கித் தறி உண்டு. அப்பா நாற்பது வருஷமாக நெய்கிறார். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவில் ஊடகக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். எந்தப் படம் எங்கே வந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அதனால் கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள்: நீங்கள் பதிவு செய்த அந்த நெய்கிறவர் இதை எதில் போட்டுக் கேட்பார், அண்ணே? தறியில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் தெரியும். வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு ஆசை உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு போன்தான்.

கல்லுக்கட்டி மேற்கு:

எல்லோருக்கும் நன்றி. கானாடுகாத்தான் அண்ணே, நீங்கள் சொன்னபடி முகப்பில் உட்கார்ந்து கேட்கிற ஒருவர் கையில் இது போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை எனக்குக் குறையவில்லை. தங்கச்சி, நீ கேட்டது இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. நேற்று சாயங்காலம் அந்த நெய்கிறவர் வீட்டுக்கே போய்விட்டேன். கால் கழுவிவிட்டு வந்து தறிமேட்டில் உட்கார்ந்தார். பதினாறாவது நிமிஷத்தைப் போனில் போட்டுக் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கு நிமிஷமும் கேட்டார். அப்புறம், "முதல் முடிச்சு நழுவிடுச்சு, ரெண்டாவதா போட்டதுதான் நின்னுது, அதான் இவ்வளவு நேரம்" என்றார். மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வருஷம் அதைக் கேட்ட எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரில் இருக்கிற மகளுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். அங்கேயே அவர் போனுக்கு அனுப்பிவிட்டேன். நண்பரிடம் இன்று காலையில் நடந்ததைச் சொல்லி, தட்டு போடலாம், "மட்டும்" வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

ரஸ்தா அண்ணே, ஒரு சந்தேகம். தட்டு போடுவதானால், முதல் பக்கத்தை இழை அறுகிற இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன். அது 16 நிமிஷம். முடிச்சுப் போடுகிறது மறுபக்கத்தின் வெளி விளிம்பில் வந்துவிடும், ஆனால் அந்தப் பக்கம் 22 ஆகிறது. மிதிச் சத்தத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் 22 தாங்குமா?