செயினை வீட்டில் சரிசெய்யலாமா, பட்டறைக்கே போக வேண்டுமா?

வைகைக்கரை:
என் 125 சிசி பைக்கில் செயின் தொளதொளவென்று கவரில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு பட்டறையில் விட்டேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறும்போது வண்டியின் அடியிலிருந்து ஒரு முனகல். வீட்டுக்கு வந்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச் செயினின் நடுவில் விரல் வைத்துத் தூக்கினேன். தந்தி போல் விறைத்து நின்றது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் மேலும் கீழுமாக ஆடுவது மொத்தம் 8 மி.மீ. என் வண்டியின் கையேட்டில் 20 முதல் 30 மி.மீ. என்று இருக்கிறது.

பின்சக்கர அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்பின் நகர்த்தும் இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு திருப்பி, சக்கரத்தை முன்னால் தட்டி 26 மி.மீ. வைத்தேன். முனகல் போய்விட்டது. அரை மணி நேர வேலை. இதற்குப் போய்ப் பட்டறையில் ஏன் வண்டியை விட வேண்டும்? வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் செய்யலாம் என்கிறேன்.

பழைய பட்டறை:
தம்பி, 31 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் பாதி வேலையைக் காணவில்லை. டிரம் பிரேக் வண்டி என்றால், பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும் தளர்த்த வேண்டும். இடது பக்கம் அச்சு நட்டுக்கு உள்ளே ஸ்லீவ் நட்டு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தாமல் சக்கரத்தைத் தட்டினால் அது நேராக நகராது. கடைசியாக பிரேக். நீங்கள் சக்கரத்தை முன்னால் தள்ளியிருக்கிறீர்கள். பிரேக் மிதி இப்போது முன்பைவிட ஆழமாக இறங்குமே, பார்த்தீர்களா?

வீட்டில் செய்து கொண்டுவந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அச்சு நட்டை விரலால் திருகியதோடு மறந்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்தார். இன்னொரு பையன் இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஓடுகிற செயினைத் துணியால் துடைத்தான். துணி பல்சக்கரத்துக்குள் போனது, கூடவே இரண்டு விரல் நுனிகளும். அந்தப் பையனை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனவன் நான். ‘ஒவ்வொருவரும் செய்யலாம்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

மலைச்சாலை:
ஐயா, விரல் போன கதை மனதைப் பிசைகிறது. இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் இவருடைய செயினை 8 மி.மீ.க்கு இறுக்கியது ஒரு பட்டறைதானே? செயினுக்கு ஸ்கேல் எடுத்த மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. விரலால் ஒரு தட்டு, “சரியாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள்” என்று ஒரு சொல்.

இறுக்கினால் நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அதுதான் வண்டியைக் கெடுக்கிறது. முன் பல்சக்கரத்தின் மையமும், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அசையும் போல்ட்டும், பின்சக்கர அச்சும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே தூரம் மிக அதிகம். காலியாக நிற்கும் வண்டியில் அவை நேர்கோட்டில் இருப்பதில்லை. இரண்டு பேர் ஏறி, பள்ளத்தில் சக்கரம் மேலே எழும்பும்போது அந்தக் கோட்டை நெருங்குகிறது. அந்த நொடிக்காகத்தான் தொய்வு விடுகிறோம். தொய்வு இல்லாவிட்டால் கியர்பெட்டித் தண்டின் பேரிங்கும் பின்சக்கர பேரிங்கும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். மனைவியை ஏற்றியபோது மட்டும் இவருக்கு முனகல் கேட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பழைய பட்டறை:
நீங்கள் சொன்ன காரணம் சரி, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் தொழிலில் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக, ஸ்கேல் வாங்கியவர்கள் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது. ஸ்விங்ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகள் இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் சக்கரம் நேர் என்று நம்புகிறீர்கள். விழுந்து எழுந்த வண்டிகளில் அந்தக் கோடுகளை நான் நம்பியதே இல்லை. ஸ்விங்ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து அச்சின் மையம் வரை இரண்டு பக்கமும் அளப்பேன். பிறகு பின்னால் குனிந்து, செயின் பல்சக்கரத்தின் நடுவில் ஓடுகிறதா என்று கண்ணால் பார்ப்பேன். கோணலாக ஓடினால் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

நட்டை இறுக்கும்போதே அளவு மாறும் என்பதையும் யாரும் எழுதவில்லை. செயினுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு துணிச் சுருளை வைத்துச் சக்கரத்தை லேசாகப் பின்பக்கம் உருட்டினால், அச்சு அட்ஜஸ்டரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் இறுக்க வேண்டும். இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். இந்தப் பக்குவம் படித்து வராது.

கணக்கு ஆசிரியை:
படித்தே வந்தது, ஐயா. எனக்கு வந்தது.

தினமும் 40 கிலோமீட்டர் பைக்கில் பள்ளிக்குப் போய்வருகிறேன். நான் கிளம்பும்போது எந்தப் பட்டறையும் திறந்திருக்காது, திரும்பும்போது வரிசை நிற்கும். செயின் பற்றிக் கேட்டால் “உங்களுக்கு எதற்கும்மா இதெல்லாம்” என்பார்கள். கையேட்டை வைத்து நானே கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலை அளக்கிறேன். முழுவதும் மூடிய செயின் கவர் என்பதால் ரப்பர் மூடியைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் பார்க்கிறேன். சரிசெய்ய வேண்டியிருந்தால் நீங்கள் சொன்ன எல்லா நட்டுகளையும் தொடுகிறேன், பிரேக் பிடிக்கும் முன் மிதி வெறுமனே இறங்கும் தூரத்தையும் கையேட்டில் உள்ள அளவுக்கு மாற்றுகிறேன், பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். அச்சு நட்டுக்காக, சரியான விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனால் என் உயிர் அந்த நட்டில் இருக்கிறது.

வைகைக்கரை அவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. 26 மி.மீ. என்றீர்களே, செயினின் எந்த இடத்தில்? தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே நீளத்துக்குத் தேய்ந்திருக்காது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்திருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வைகைக்கரை:
உங்கள் இருவருடைய பதிவையும் படித்துவிட்டு நேராகக் கீழே போனேன். பெரியவர் சொன்னது முதலில்: பிரேக் மிதி உண்மையாகவே ஆழமாக இறங்கியது. ஸ்லீவ் நட்டை நான் தொடவே இல்லை. நன்றி ஐயா, இரண்டையும் இப்போது சரிசெய்தேன்.

அடுத்து, சக்கரத்தைச் சுற்றி ஐந்து இடங்களில் அளந்தேன். ஓரிடத்தில் 26. இன்னோரிடத்தில் 11. பின் பல்சக்கரத்தின் பின்புறம் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறது.

கணக்கு ஆசிரியை:
125 சிசி என்றால் பெரும்பாலும் 428 என்ற அளவுச் செயினாகத்தான் இருக்கும். அதில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ. செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிதில் 254 மி.மீ. இருக்க வேண்டும்.

வைகைக்கரை:
260.

பழைய பட்டறை:
259ஐத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். கண்ணிகளைக் கோக்கும் ஊசியும் (pin) அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்ந்துபோன செயின் அது. நீங்கள் அளந்த இடத்திலேயே 8 இருந்தது என்றால், இறுகிய இடத்தில் தொய்வே இருந்திருக்காது. அந்தப் பட்டறைக்காரர் செயினை இறுக்கியிருக்கவே கூடாது, மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். இதில் என் தொழிலுக்காக நான் வாதாட மாட்டேன்.

செயினை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். வீட்டில்தான் மாட்டுவேன் என்றால் மாட்டுங்கள், ஆனால் இணைப்புக் கண்ணியின் கிளிப்பைக் கவனியுங்கள்: மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மேல் செயினில் என்றால் வண்டியின் முன்பக்கம். ஓட்டுவதற்கு முன் அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நான் பார்க்கிறேன்.