கமடோர் 64 + பிகோ கார்ட்ரிட்ஜ்: யூஎஸ்பி கழற்றினால் 30719, சொருகினால் பாதியில் உறையுது. உதவி தேவை

சிப்புட்64

வணக்கம். இடம் சுங்கை சிப்புட், பேராக். பால் டிவி முறைக்கான கமடோர் 64 (சி64, 1980-களின் வீட்டுக் கணினி) கார்ட்ரிட்ஜ் போர்ட்டில் முதல் வகை பிகோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டை (ஆர்பி2040 சிப்) வைத்து 8 கேபி கேம் கார்ட்ரிட்ஜ் செய்திருக்கிறேன்.

இணைப்பு இப்படி: அட்ரஸ் ஏ0 முதல் ஏ12 வரை, டேட்டா டி0 முதல் டி7 வரை, ரோம்எல் (சி64 கார்ட்ரிட்ஜைப் படிக்கும்போது கீழே இறங்கும் சிக்னல்), மொத்தம் 22 கம்பி. எல்லாம் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் இணைக்கும் 8 சேனல் மாஸ்ஃபெட் லெவல் மாட்யூல் மூன்று வழியாகப் போகுது (பிஎஸ்எஸ்138, சேனலுக்கு இரண்டு பக்கமும் 10 கே புல்-அப்). எக்ஸ்ரோம் (கார்ட்ரிட்ஜ் இருப்பதை சி64-க்குச் சொல்லும் முனை) நேராகக் கிரவுண்டில். பிகோவின் 39-ஆம் முனை விசிஸ் (பவர் இன்புட்), கார்ட்ரிட்ஜ் போர்ட்டின் 5 வோல்ட்டில் நேராக. ரோம்எல் கீழே இறங்கினால் டேட்டா முனைகளை அவுட்புட் ஆக்கு, மேலே ஏறினால் இன்புட் ஆக்கு, இதுதான் சிபிளஸ்பிளஸ் கோடில் உள்ள லூப்.

யூஎஸ்பி கம்பி இல்லாமல் ஆன் செய்தால் எப்போதும் பேசிக் திரைதான். ஆனால் காலி நினைவகம் 38911-க்குப் பதிலாக 30719 பைட் என்று காட்டும். மடிக்கணினியில் சொருகி டெர்மினலைத் திறந்துவிட்டு ஆன் செய்தால் சில வேளை கேம் வரும், கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். சில வேளை மறுபடி அதே 30719. அப்போது 32772 முதல் 32776 வரை உள்ள நினைவக இடங்களை பீக் (படிக்கும் பேசிக் கட்டளை) செய்து பார்த்ததில் கிடைத்தவை: 131, 130, 141, 56, 48.

ஈப்போ கடைகளில் கிடைக்கிற சாமான்களால் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஈப்போ_சால்டர்

தம்பி, பீக் எண்களைக் கொடுத்தது நல்லதாய்ப் போச்சு. பாதி விடை அதிலேயே இருக்கு.

32772-இல் இருக்க வேண்டியவை 195, 194, 205, 56, 48. கர்னல் ரோம் (சி64-இன் இயக்க மென்பொருள்) துவங்கும்போது இந்த ஐந்தையும் தேடும். இருந்தால் 32768-இல் உள்ள முகவரிக்குத் தாவும், இல்லையென்றால் பேசிக்குக்குப் போகும். உங்களுக்கு வந்ததைக் கழித்துப் பாருங்கள்: 195-இலிருந்து 131, 194-இலிருந்து 130, 205-இலிருந்து 141. மூன்றிலும் குறைவது 64. 56-இலும் 48-இலும் 64 என்ற பிட்டே கிடையாது, அதனால் அவை சரியாக வந்தன. ஆக டி6 என்ற ஒரே கம்பி மேலே ஏறவில்லை. போர்ட்டில் அது 15-ஆம் முனை (14 டி7, 21 டி0).

முதலில் அந்த முனையின் சால்டரைப் பாருங்கள். பிறகு மாட்யூலில் டி5, டி6 சேனல்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிழை 64-இலிருந்து 32-க்கு மாறினால் மாட்யூல்தான் காரணம். என் கணிப்பு மாட்யூல் பக்கம்தான்.

காரணம் இதுதான். அந்த மாட்யூல் ஐ-ஸ்கொயர்-சி போன்ற மெதுவான லைனுக்குச் செய்தது. பிகோ 3.3 வோல்ட் கொடுக்கும்போது மாஸ்ஃபெட் ஓரளவுக்குத்தான் கடத்தும். கேட் 3.3-இல் இருக்கு, பிஎஸ்எஸ்138-இன் த்ரெஷோல்ட் 0.8 முதல் 1.5 வோல்ட், ஆகவே மறுபக்கம் 1.8 முதல் 2.5 வோல்ட்டுக்குள் எங்கோ வந்து நின்றுவிடும். மீதியை 10 கே ரெசிஸ்டர்தான் இழுக்கணும். பஸ் கப்பாசிட்டன்ஸ் 50 பிகோஃபாரட் என்று வைத்தாலே டைம் கான்ஸ்டன்ட் 500 நானோசெகண்ட். பால் மெஷினின் கிளாக் 985,248 ஹெர்ட்ஸ், சிபியுவுக்குக் கிடைக்கிற பாதிச் சுற்று முழுசுமே சுமார் 507 நானோசெகண்ட். சிபியுவான 6510-க்கு 'ஒன்று' என்று தெரிய 2.0 வோல்ட் வேண்டும். த்ரெஷோல்ட் அதிகமாக உள்ள மாஸ்ஃபெட் எந்தச் சேனலில் விழுந்ததோ அது தோற்கும், மற்றவை மயிரிழையில் தப்பும். சால்டரை எத்தனை முறை திருத்தினாலும் இந்த மாட்யூல் இந்த பஸ்ஸுக்கு ஆகாது.

இன்னொன்று: சி64-ஐ அணைத்த பிறகும் யூஎஸ்பி சொருகியிருந்தால் சி64-இன் சிவப்பு பவர் லைட் மங்கலாக எரியுதா?

சிப்புட்64

ஆமாம் அண்ணே, எரியுது. சேனல் மாற்றியதும் பீக்(32776) 16 என்று வந்தது. 32 குறையுது.

ஈப்போ_சால்டர்

அப்போ மாட்யூல்தான், உறுதி.

லைட் எரிவது, யூஎஸ்பியின் 5 வோல்ட் பிகோவின் உள் டயோடு வழியாக விசிஸுக்கு வந்து, அங்கிருந்து சி64 முழுவதையும் சுமக்கப் பார்ப்பதால். இனி அப்படிச் சொருகாதீர்கள், மடிக்கணினி போர்ட் தாங்காது. போர்ட்டின் 5 வோல்ட்டுக்கும் விசிஸுக்கும் நடுவில் 1என்5817 ஷாட்கி டயோடு ஒன்று, பட்டை விசிஸ் பக்கம்.

அப்படியே பவர் சப்ளையையும் அளந்துவிடுங்கள். பழைய கறுப்பு அடாப்டரில் ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் மேலே ஏறி ராம் சிப்புகளைக் கொன்றுவிடும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்கணும். 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டரை இனித் தொடாதீர்கள்.

கலா_தாப்பா

கோட் பக்கம் நான் சொல்றேன் தம்பி. "டெர்மினலைத் திறந்துவிட்டு" என்று எழுதியிருக்கீங்க. கோடின் தொடக்கத்தில் யூஎஸ்பி சீரியல் இணையும் வரை காத்திருக்கிற வைல் லூப் இருக்கா? இருந்தால், யூஎஸ்பி இல்லாதபோது பிகோ அங்கேயே நின்றுகொண்டிருக்கும். எக்ஸ்ரோம் கிரவுண்டில் இருப்பதால் சி64 மட்டும் கார்ட்ரிட்ஜ் இருப்பதாகவே நம்பும். 32768-க்கு மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் வேறு ஏதோ வரும், ராம் சோதனை அங்கேயே முடிந்து 30719 காட்டும். அந்த எண் வந்தாலே எக்ஸ்ரோம் வேலை செய்யுது, டேட்டா சரியில்லை என்று அர்த்தம். 38911 வந்தால் எக்ஸ்ரோமே கீழே இறங்கவில்லை.

பாதியில் உறைவதற்கு இரண்டு காரணம். யூஎஸ்பி இன்டரப்ட் உங்கள் லூப்பின் நடுவில் புகுந்தால், டேட்டா முனைகள் அவுட்புட்டாக இருக்கும்போதே லூப் நின்றுபோகும். ரோம்எல் மேலே போய்விட்டது, பஸ் இப்போ விஐசி (படம் காட்டும்) சிப்புக்கு, ஆனா பிகோ இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கு. இரண்டும் மோதும், மெஷின் குப்பையைப் படித்து உறையும். இரண்டாவது, கோட் ஃபிளாஷிலிருந்து ஓடுது. கேஷில் இல்லாத ஒரு வரி வந்தால் ஃபிளாஷிலிருந்து எடுக்கவே அரை மைக்ரோசெகண்ட் அளவு போய்விடும். அதற்குள் சிபியுவின் முறை முடிந்துவிடும்.

சிமேக் (பில்ட் அமைப்பு) கோப்பில் பைனரி டைப்பைக் 'காப்பி டு ராம்' என்று வையுங்கள், கோடும் 8192 பைட் டேபிளும் ராமில் வந்துவிடும். ஆர்பி2040-இல் 264 கேபி இருக்கு, தாராளம். யூஎஸ்பி சீரியலை முழுசாக எடுத்துவிடுங்கள். லூப்புக்கு முன்னால் இன்டரப்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

குளுவாங்_வயர்

எதற்கு இத்தனை பாடு? பிகோ 2 வாங்குங்க. அதன் ஆர்பி2350-இல் முனைகள் 5 வோல்ட் தாங்கும். லெவல் மாட்யூலே வேண்டாம்.

ஈப்போ_சால்டர்

தாங்கும், ஆனால் சிப்புக்கு 3.3 வோல்ட் வந்த பிறகுதான். ஜிபி26 முதல் 28 வரை உள்ள ஏடிசி முனைகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. முதலில் வந்த ஏ2 பதிப்புச் சிப்பில் இன்னொரு தொல்லை: இன்புட்டில் உள் புல்-டவுன் போட்டால் முனை 2.2 வோல்ட் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும், வெளியே 8.2 கே அல்லது அதற்குக் குறைவான ரெசிஸ்டர் தேவைப்படும். சரி, அதெல்லாம் சமாளிக்கலாம். ஆனாலும் டேட்டாவை எப்போது பஸ்ஸில் விடுவது என்ற முடிவு சாஃப்ட்வேர் கையிலேயே இருக்கும். நாற்பது வருஷப் பழைய பிஎல்ஏ (எந்த நினைவகம் எப்போது பேசணும் என்று முடிவு செய்யும் சிப்), விஐசி சிப்புகளுக்கு மாற்று தேடுவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். அந்த முடிவு ஹார்ட்வேர் கையில் இருக்கணும். பஃபர் சிப் மூன்று பெரிய செலவே இல்லை.

தம்பி, வேண்டியது 74எல்விசி245 மூன்று. பிரெட்போர்டில் குத்த டிப் வடிவம் வேண்டுமென்றால் எஸ்என்74எல்விசி245ஏஎன் என்று கேளுங்கள். கடையில் "245-தானே" என்று வேறு குடும்பத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 5 வோல்ட்டில் ஓடும் எச்சி245-க்கு 3.5 வோல்ட் இன்புட் வேண்டும், பிகோவின் 3.3 போதாது. எச்சிடி245 டேட்டா பக்கத்துக்குச் சரி, ஆனால் அட்ரஸ் பக்கம் போட்டால் பிகோவுக்கே 5 வோல்ட் அனுப்பிவிடும். ஈப்போவில் கிடைக்காவிட்டால் கேஎல் ஜாலான் பாசார் கடைகள், இல்லையென்றால் ஆன்லைன்.

மூன்று சிப்புக்கும் பவர் பிகோவின் 36-ஆம் முனையிலிருந்து, 3.3 வோல்ட். ஒவ்வொரு சிப்பின் காலுக்குப் பக்கத்திலும் 100 நானோஃபாரட். இரண்டு சிப் அட்ரஸுக்கு, திசை சி64-இலிருந்து பிகோவுக்கு, ஓஇ முனை (கீழே இறங்கினால் அவுட்புட்டைத் திறப்பது) கிரவுண்டில். மூன்றாவது டேட்டாவுக்கு, திசை பிகோவிலிருந்து சி64-க்கு, அதன் ஓஇ நேராக ரோம்எல் முனையில், அதாவது 11-இல். எல்விசியின் கட்டுப்பாட்டு முனைகளும் 5 வோல்ட் தாங்கும். சாதாரண 8 கேபி முறையில் பிஎல்ஏ, சிபியு படிக்கும்போது மட்டும்தான் ரோம்எல்லை இறக்கும். அதனால் பிகோ என்ன செய்துகொண்டிருந்தாலும் பஸ்ஸில் மோதல் வராது. டேட்டா கம்பி ஒவ்வொன்றிலும் 33 ஓம் போட்டால் துள்ளல் அடங்கும்.

அட்ரஸ் முனைகள் கீழ் வரிசை: ஏ12 கே, அங்கிருந்து ஏ0 ஒய் வரை. அந்த வரிசையில் ஜி, ஐ, ஓ, கியூ எழுத்துகள் கிடையாது. விரல் வைத்து எண்ணும்போது இங்கேதான் ஒரு முனை தள்ளிப்போகும்.

கலா_தாப்பா

இப்படிச் செய்தால் கோட் ரொம்பச் சுருங்கிவிடும். அட்ரஸை ஜிபி0 முதல் 12 வரையும் டேட்டாவை ஜிபி13 முதல் 20 வரையும் வரிசை மாறாமல் வையுங்கள். லூப்பில் ரோம்எல்லைப் பார்க்கவே வேண்டாம். முனைகளை ஒரே அடியில் படி, 8191-உடன் ஆண்ட் செய், டேபிளில் எடு, 13 பிட் இடது தள்ளு, அவுட்புட்டில் எழுது, ஓயாமல் இதையே செய். 125 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் 8 நானோசெகண்ட். சுற்று பத்துப் பதினைந்து கிளாக்கில் முடியும். அட்ரஸ் மாறிய கணத்தில் பழைய சுற்று ஓடிக்கொண்டிருந்தாலும் 250 நானோசெகண்டுக்குள் சரியான பைட் வந்து நிற்கும்.

ரீசெட்டையும் பிகோ கையில் கொடுங்கள். பிசி547 ஒன்று: எமிட்டர் கிரவுண்ட், கலெக்டர் போர்ட்டின் சி முனையில் (ரீசெட்), பேஸிலிருந்து 22 கே 5 வோல்ட்டுக்கு, பேஸிலிருந்து 1 கே ஜிபி21-க்கு. பவர் வந்ததும் டிரான்சிஸ்டர் தானே ரீசெட்டைப் பிடித்துக்கொள்ளும். டேபிள் தயாரானதும் ஜிபி21-ஐ அவுட்புட் ஆக்கி பூஜ்யம் கொடுத்தால் விட்டுவிடும். லூப் அவுட்புட்டில் எழுதும்போது 21-ஆம் பிட் எப்போதும் பூஜ்யம்தான், தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை. திரை கறுப்பாகவே இருந்தால் பிகோ கோட் ஓடவில்லை என்று உடனே தெரியும்.

சிப்புட்64

அக்கா, அண்ணே, சொன்னபடி கட்டிவிட்டேன். யூஎஸ்பி இல்லாமல் ஆன் செய்தவுடன் கேம் வருது, சாயங்காலம் முழுக்க ஓடியது, உறையவில்லை. 5 வோல்ட் 5.04 காட்டுது. சிவப்பு லைட்டும் இப்போ அணைந்துவிடுகிறது. 16 கேபி கேமுக்கு இதிலேயே என்ன மாற்றணும்?

ஈப்போ_சால்டர்

போர்ட்டின் 8-ஆம் முனையின் பெயரே 'கேம்', அதையும் கிரவுண்ட் செய்யுங்கள். இப்போது ரோம்எல் 32768 முதல் 40959 வரை, ரோம்எச் 40960 முதல் 49151 வரை. ரோம்எச் கீழ் வரிசையில் பி முனை. இரண்டில் எது இறங்கினாலும் டேட்டா பஃபர் திறக்கணும், ஆகவே இரண்டையும் 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி08-இன் ஒரு கேட்டில் கொடுத்து, அதன் அவுட்புட்டை ஓஇ-க்குக் கொண்டுபோங்கள். இரண்டு பாதியையும் பிரிப்பது ஏ13, ஜே முனை. அட்ரஸ் பஃபரில் மூன்று சேனல் சும்மா இருக்கு, அதில் ஒன்று வழியாக ஜிபி13-க்கு. டேட்டா ஜிபி14 முதல் 21 வரை நகரும், ரீசெட் 22-க்கு. கோடில் 8191 என்பது 16383 ஆகும், 13 பிட் தள்ளுவது 14 ஆகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 16 கேபி முறையில் பேசிக் ரோம் மறைந்துவிடும். அந்த ஐந்து பைட் தவறாக வந்தால் 30719 திரைகூட வராது, பீக் செய்யவும் வழி இல்லை. அதனால் வயர் மாற்றிய பிறகு 'கேம்' முனையைக் (8) கிரவுண்டில் இருந்து எடுத்துவிட்டு, 8 கேபியாக ஒருமுறை ஓட்டி எல்லாப் பிட்டையும் சரிபார்த்துக்கொண்டு அப்புறம் கிரவுண்ட் செய்யுங்கள் தம்பி.