இரட்டைக் குழந்தை இல்லை சித்தி

நம்ம வீட்டுப் பெண்கள் 🌸

மீனா (லண்டன்): யாரும் கத்தக் கூடாது. நாள் தள்ளி 5 நாள் ஆகிறது. காலையில் டிஜிட்டல் கருவியில் டெஸ்ட் பண்ணினேன். 📷

அம்மா: எனக்குப் போன் வந்து அரை மணி ஆகிறது. அழுது முடித்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன்.

கலா சித்தி: முருகா! 🙏🙏 அதென்ன ‘2-3’ என்று போட்டிருக்கிறது? இரட்டைக் குழந்தையா?

மீனா: ஐயோ, வாரம் சித்தி 😂 ஆனால் போனில் இருக்கும் ஆப் 4 வாரம் 5 நாள் என்கிறது. எது சரி, லதா அக்கா?

லதா அக்கா: இரண்டும்தான். டாக்டரும் ஆப்பும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். உன் கருவி கரு தரித்ததிலிருந்து எண்ணுகிறது. நடுவில் ஏறக்குறைய 2 வாரம்.

கலா சித்தி: ஒன்றுக்குப் போனால் அதற்கு எப்படி வாரம் தெரியும்?

லதா அக்கா: கரு கருப்பையில் ஒட்டியதும் எச்சிஜி என்ற ஹார்மோன் சுரக்கும். முதல் சில வாரங்களில் 2, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நம்மூர் கார்டில் சொட்டு விடுகிறோமே, அதில் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து ‘டி’ கோட்டில் போய் நிற்கும். உண்டா இல்லையா, அவ்வளவுதான் சொல்லும். மீனாவுடையதில் உள்ளே 2 பட்டைகள். ஒன்று துளி இருந்தாலே காட்டும், மற்றது நிறைய இருந்தால்தான். இரண்டையும் ஒப்பிட்டு வாரத்தை உத்தேசமாகப் போடுகிறது.

சுதா அண்ணி: குழந்தைக்காக ஐயுஐ சிகிச்சை எடுத்தபோது, முட்டை வெளிவர ஊசி போட்ட 6ஆம் நாளே எனக்கு 2 கோடு வந்தது. இனிப்பு வாங்கி வைத்துவிட்டேன் 😔

லதா அக்கா: அந்த ஊசி மருந்தே எச்சிஜிதான் அண்ணி. உடம்பை விட்டுப் போக 10, 14 நாள்கூட ஆகும். அப்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மீனா: மதியம் இன்னொன்று பண்ணி ‘3+’ வருகிறதா பார்க்கவா? 2 லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

லதா அக்கா: பண்ணாதே! நீர்த்துப்போய் ‘1-2’ காட்டினால் ராத்திரி முழுக்க அழுவாய். எச்சிஜி அளவும் ஆளுக்கு ஆள் மாறும். சரியான தேதியை ஸ்கேன் சொல்லும். கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் அதில்தான் தெரியும். நடுவில் வயிற்று வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் உடனே டாக்டரிடம் போ.

அம்மா: சம்பந்தியம்மாவிடம் எத்தனை வாரம் என்று சொல்ல?

லதா அக்கா: டாக்டர் கணக்கையே சொல்லுங்கள் பெரியம்மா.

கலா சித்தி: நான் இரட்டை என்று மாடி வீட்டில் சொல்லிவிட்டேனே 🙈