சீக்கோ 5-க்குச் சாவி கொடுத்த கதையை இத்தோட நிறுத்துங்க

தேக்கா_கடிகாரப்பித்தன்
"தலைமுறை தாண்டியும் மவுசு குறையாத பொருள்கள்" இழையில யீஷூன்_பேரன் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசே ஆறல. அவர் எழுதினது இதுதான்: "தாத்தாவின் சீக்கோ 5 கைக்கடிகாரம் இன்றும் ஓடுவதற்குக் காரணம், தினமும் காலையில் அவர் அதற்குச் சாவி கொடுத்த ஒழுக்கம். ஸ்மார்ட் வாட்ச் தலைமுறைக்கு அந்தப் பக்குவம் வராது." இதுக்குக் கீழ எத்தனை கைதட்டல்!

சீக்கோ 5-க்குச் சாவி கொடுக்க முடியாதுங்க. பக்கவாட்டுல இருக்கிற திருகைச் சுத்தினா ஸ்பிரிங் ஏறாது. அது ஆட்டோமேட்டிக். உள்ள அரைவட்டமா ஒரு எடை இருக்கு. கை அசைய அசைய அது சுத்தி ஸ்பிரிங்கை முறுக்கும். 1963-ல அந்த வரிசை வந்தப்பவே திருகை மூணு மணியில இருந்து நாலு மணிப் பக்கம் இறக்கி, பாதியை வாட்ச் உடம்புக்குள்ள புதைச்சாங்க. தினம் அதைத் தொட வேண்டியதே இல்லைங்கிறதால. நம்ம அப்பாமாருங்க அந்த வாட்ச்சைத் தேடி வாங்கினதே அதுக்குத்தான். கட்டினா ஓடும், அவ்வளவுதான். அந்தப் பெருமையைப் பிடுங்கிட்டு இல்லாத ஒழுக்கத்தை எதுக்கு ஒட்டுறீங்க?

யீஷூன்_பேரன்
நான் கண்ணால பார்த்தது பொய்யா? தாத்தா துறைமுகத்துல வேலை பார்த்தவர். காலையில கோப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சுத் திருகுவார். நான் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். நீங்க அங்க இருந்தீங்களா?

தேக்கா_கடிகாரப்பித்தன்
நான் அங்க இல்ல. ஆனா அந்த வாட்ச்சுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். சீக்கோ 5-ல வர்ற 6119, 7009, 7எஸ்26 இயந்திரம் மூணையும் பிரிச்சுப் போட்டுப் பார்த்தவன் நான். திருகு சுத்தும், ஸ்பிரிங் ஏறாது. சாவி ஏறுற வாட்ச்சுன்னா கிர்ருன்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுச்சா? அதை மட்டும் சொல்லுங்க.

யீஷூன்_பேரன்
கேட்டுச்சு.

தேக்கா_கடிகாரப்பித்தன்
அப்ப அது சீக்கோ 5 இல்ல. முடிஞ்சு போச்சு.

பிடோக்_மாறன்
தம்பி, தாத்தா கட்டியிருந்தது எச்எம்டி ஜனதாவா இருக்கும். அதுக்குத்தான் தினம் சாவி கொடுக்கணும். உள்ள சக்கரம் தேயாம இருக்க 17 கல், ஆட்டோமேட்டிக் கிடையாது. பெங்களூருல 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி துணையோட ஆரம்பிச்ச தொழிற்சாலை. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு.

யீஷூன்_பேரன்
எச்எம்டியா? எங்க தாத்தா சிங்கப்பூர் ஹை ஸ்ட்ரீட்ல ரொக்கமா காசு கொடுத்து வாங்கின வாட்ச். ஊருல கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற எச்எம்டியோட ஒப்பிடாதீங்க. எங்க குடும்பத்தைத் தெரிஞ்சவங்க இப்படிப் பேச மாட்டாங்க.

பிடோக்_மாறன்
கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுத்தா கேவலமா? எங்கப்பாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. கடைசி வரைக்கும் கழட்டல. 2016-ல அந்தக் கம்பெனியை மூட முடிவெடுத்தப்ப எத்தனை பேர் தேடித் தேடி வாங்கினாங்க தெரியுமா? சிங்கப்பூர்ல வாங்கிட்டா உசத்தி ஆயிடுமா? உங்க தாத்தாவும் கப்பல்ல வந்தவர்தானே.

ஜூரோங்_வாசுகி
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. இழை நிலைச்சு நிக்கிற பொருள்களைப் பத்தி. எங்க அம்மாவோட காஞ்சிப் பட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, கோர்வைச் சேலை. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால (குறுக்கு நூலை ஓட்டுற கட்டை) ஒரே நேரத்துல நெய்து கோத்தது. உள்பக்கம் திருப்பினா கோத்த இடத்துல பல்லு பல்லா தெரியும். மடிப்புல உடல் லேசா விட்டிருக்கு, ஆனா கோர்வை ஒரு இடத்துலகூடப் பிரியல. ஜரிகை பட்டுநூல் மேல வெள்ளி இழையைச் சுத்தித் தங்க முலாம் போட்டது. கறுக்கத்தான் செய்யும், கறுத்தாலும் அழகு. போன பொங்கலுக்கு என் மக கட்டிக்கிட்டு தேக்காவுக்கு வந்தா. எல்லாரும் எங்க வாங்கினீங்கன்னுதான் கேட்டாங்க. வாட்ச்சை விட்டு இதையெல்லாம் பேசுங்களேன்.

அங்மோகியோ_அக்கா
வாசுகி, சேலைப் பேச்சை நீங்களே எடுத்துட்டீங்க. போன தீபாவளிக்கு நாம எல்லாரும் கூட்டா காஞ்சிபுரத்துல இருந்து வரவழைச்சோமே, அந்தக் கணக்கு இன்னும் வரல. எனக்கு வந்த சேலையில கோர்வையும் இல்ல ஒண்ணும் இல்ல. கரையும் உடலும் ஒரே ஓட்டத்துல ஓடுது.

ஜூரோங்_வாசுகி
கணக்கு அப்பவே குழுவுல போட்டாச்சு. படிக்காதது உங்க குத்தம். கோர்வைதான் வேணும்னு நீங்க சொல்லவே இல்ல. விலை கம்மியா இருக்கணும்னுதான் சொன்னீங்க.

தேக்கா_கடிகாரப்பித்தன்
சேலைச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்க. நான் கேட்டதுக்கு யீஷூன்_பேரன் இன்னும் பதில் சொல்லல. தாத்தா வாட்ச் இப்ப உங்ககிட்ட இருக்கா இல்லையா? இருந்தா பின்மூடியைப் பாருங்க. ஒரு நம்பர் வெட்டியிருக்கும். சிறுகோட்டுக்கு முன்னாடி உள்ள நாலு இலக்கம்தான் இயந்திரம். அதை இங்க போடுங்க.

தெக்கோங்_வீரன்
அண்ணே, நீங்க எல்லாம் பழைய இரும்பை வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறீங்க. காசியோ எஃப்-91டபிள்யூ, 1989-ல வந்த அதே உருவம், இன்னைக்கும் அதேதான் விக்குது. 21 கிராம். பேட்டரி ஏழு வருஷம் வரும். என்எஸ்ல, அதான் கட்டாய ராணுவச் சேவையில, தெக்கோங் தீவுல சேத்துல உருண்டப்ப என் கையில அதுதான். ஆபீசுக்கும் அதையே கட்டுறேன். மவுசுன்னா அது. சாவியும் வேணாம், ஆட்டவும் வேணாம்.

தேக்கா_கடிகாரப்பித்தன்
பிளாஸ்டிக்கை எல்லாம் இதுல சேர்க்காதீங்க. அதை எந்தப் பேரன் எடுத்துப் பெட்டிக்குள்ள வைப்பான்?

தெக்கோங்_வீரன்
ஏன் வைக்க மாட்டான்? வலது பக்கப் பொத்தானை மூணு செகண்ட் அழுத்திப் பிடிங்க, அசலா இருந்தா திரையில காசியோன்னு பேர் வரும். உங்க சீக்கோவுல பாதி பம்பாய்ல முகப்புக்குப் புதுப் பெயின்ட் அடிச்சு வந்தது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில நீங்க அள்ளினதும் அதைத்தானே?

தேக்கா_கடிகாரப்பித்தன்
வாயை அளந்து பேசுங்க தம்பி. சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில மூடுற வரைக்கும் நான் அங்க போனவன். பெயின்ட் அடிச்ச முகப்பு எதுன்னு எட்ட நின்னே சொல்லுவேன். எழுத்து தடிச்சு இருக்கும், மணிக்கோடு முள்ளோட ஒத்துப் போகாது, முள்ளு கலர் நீலமும் ஆரஞ்சுமா பளபளக்கும். நான் வாங்கினதுல அப்படி ஒண்ணு இருந்தாக் காட்டுங்க.

திரும்பவும் சொல்றேன், யாரும் திசைதிருப்ப வேணாம். 1959-ல சீக்கோக்காரங்க மேஜிக் லீவர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உள்ள இருக்கிற எடை எந்தப் பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங் ஏறும். நின்னு போன 7009-ஐக் கையில எடுத்து இடமும் வலமுமா அரை நிமிஷம் ஆட்டினாப் போதும், ஓட ஆரம்பிச்சிடும். கட்டிக்கிட்டு நடந்தா மிச்சத்தை அதுவே பார்த்துக்கும். கழட்டி வச்சா ஒண்ணரை நாள் தாங்கும். துறைமுகத்துல மூட்டை தூக்கினவர் கையில அது நிக்கவே நிக்காது! அவர் உழைச்சதுதான் அதுக்குச் சாவி. இதைவிட என்ன பெருமை வேணும் உங்களுக்கு?

யீஷூன்_பேரன்
தாத்தா மூட்டை தூக்கினார்னு நான் எங்க சொன்னேன்? கிடங்குக் கணக்குப் பிள்ளை அவர்.

நம்பர் பார்த்தேன். 7009-ன்னு இருக்கு. அதனால என்ன?

தேக்கா_கடிகாரப்பித்தன்
அதனால என்னவா! 7009-க்குச் சாவி கொடுக்க முடியாது!!

யீஷூன்_பேரன்
இப்பக் கையில வச்சுத் திருகிப் பார்த்தேன். நல்லாச் சுத்துது.

தேக்கா_கடிகாரப்பித்தன்
சுத்தும். ஏறாது. ஒரு கிளிக் வெளிய இழுத்து ஒரு பக்கம் சுத்தினா தேதி மாறும், மறு பக்கம் சுத்தினா கிழமை மாறும். ரெண்டாவது கிளிக்ல முள்ளு நகரும். உள்ள அழுத்தி வச்சுச் சுத்தினா ஒண்ணுமே நடக்காது. உங்க தாத்தா தேதியை மாத்தியிருப்பார். 30 நாள் மாசம் முடிஞ்சா மாத்தித்தானே ஆகணும்.

யீஷூன்_பேரன்
தினமுமா தேதி மாத்துவார்?

பொங்கோல்_இளசு
உள்ள வர்றதுக்கு மன்னிக்கணும். 2019-ல இருந்து வர்ற சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்ல 4ஆர்36 இயந்திரம். அதுக்குத் திருகிச் சாவி கொடுக்கலாம். திருகை இழுத்தா செகண்ட் முள்ளும் நிக்கும். என்கிட்ட இருக்கு, தினமும் கொடுக்கிறேன். அதனால "சீக்கோ 5-க்குச் சாவி கொடுக்க முடியாது"ங்கிறது தப்பு.

யீஷூன்_பேரன்
பார்த்தீங்களா!

தேக்கா_கடிகாரப்பித்தன்
என்னத்தைப் பார்க்கிறது? உங்க தாத்தா 2019-லயா வாங்கினார்? 6119, 7009, 7எஸ்26-ன்னு ரெண்டாவது பதிவுலயே நம்பர் போட்டு எழுதியிருக்கேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் எத்தனை தடவை எழுதுறது?

பிடோக்_மாறன்
ஜனதான்னு நான் சொன்னப்பவே ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்.

யீஷூன்_பேரன்
7009-ன்னு நம்பரே போட்டாச்சு, இன்னும் எச்எம்டியா? உங்களுக்கு எங்க தாத்தா மேல என்ன கோபம்?

அங்மோகியோ_அக்கா
வாசுகி, குழுவுல தேடிப் பார்த்தேன். கணக்குல அனுப்புக் கூலி ரெண்டு தடவை ஏறியிருக்கு.

மட்டுறுத்துநர்
தனிப்பட்ட பணவிவகாரங்களை இங்கே எழுத வேண்டாம். தலைப்புக்குள் நில்லுங்கள்.

ஜூரோங்_வாசுகி
நான் தலைப்புக்குள்ளதான் நின்னேன். சேலையைப் பத்தி எழுதினா யாருக்கும் பதில் சொல்லத் தோணல. ஆம்பிளைங்க கட்டினா மட்டும்தான் பாரம்பரியமா? என் மக அந்த வாட்ச்சையும் கட்டுவா, இந்தச் சேலையையும் கட்டுவா.

தேக்கா_கடிகாரப்பித்தன்
சேலையை யாரும் குறை சொல்லலைங்க.

யீஷூன்_பேரன், கடைசியாச் சொல்றேன். அந்த வாட்ச்சை ரெண்டு நாள் மேசை மேல வைங்க. நின்னு போகட்டும். அப்புறம் ஆட்டாம, அசைக்காம, மேசையில வச்சபடியே திருகை மட்டும் சுத்துங்க. ஓடுதான்னு காணொளி எடுத்துப் போடுங்க. இரவு 9 மணியில இருந்து விடிகாலை 4 மணி வரைக்கும் தேதியை மட்டும் தொடாதீங்க, உள்ள பல்லு உடைஞ்சிடும். சண்டை நமக்குள்ள. வாட்ச் பாவம்.

யீஷூன்_பேரன்
காணொளி எல்லாம் போட மாட்டேன். எங்க வீட்டுப் பொருளை நான் எதுக்கு உங்களுக்கு நிரூபிக்கணும்? தாத்தா சாவி கொடுத்தார். வாட்ச் ஓடுது.

தேக்கா_கடிகாரப்பித்தன்
கொடுக்கல.

யீஷூன்_பேரன்
கொடுத்தார்.

தெக்கோங்_வீரன்
முஸ்தபா கடையில எஃப்-91டபிள்யூ இருக்கு, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கட்டுங்க.

தேக்கா_கடிகாரப்பித்தன்
உங்களை யாரு கேட்டா? 7009 திருகுக்குப் பின்னாடி இருக்கிற சக்கரங்களை நாளைக்குப் பிரிச்சுப் படம் எடுத்துப் போடுறேன். ஸ்பிரிங் பெட்டிக்குப் போற பல்லு அதுல எங்க இருக்குன்னு எல்லாரும் தேடிச் சொல்லுங்க.