ரயில் மியூசியத்தில் பிள்ளைகளை நிற்க வைப்பது எப்படி?

ஞாயிறு_எஞ்சின்:
எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் மியூசியம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரண்டு நண்பர்களும் அங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறோம், சம்பளமெல்லாம் கிடையாது. சரக்குக்குக் குறைவில்லை. ஒய்.பி. வகை மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) நீராவி எஞ்சின், கைகாட்டி மரம், டோக்கன் கருவி, கார்டு விளக்குகள் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகள் எஞ்சின் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்ததும் நேரே பொம்மை ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். பலகையில் 'கொதிகலன் அழுத்தம், இழுவிசை, சக்கர அமைப்பு 4-6-2' என்றிருக்கிறது, பெரியவர்களே படிப்பதில்லை. போன வாரம் ஒரு அம்மா, "இதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இந்த எஞ்சின் எந்த ஊருக்குப் போச்சு?" என்று கேட்டார். முழித்தேன். பெரிய செலவு முடியாது. என்ன செய்யலாம்?

மீட்டர்கேஜ்_மாமா:
டோக்கன் கருவியை வைத்துக்கொண்டா தம்பி பிள்ளைகள் நிற்கவில்லை என்கிறீர்கள்! நான் எஞ்சின் டிரைவருக்கு அசிஸ்டெண்டாக இருந்தவன், சொல்கிறேன் கேளுங்கள். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது, அதற்குத்தான் அந்த டோக்கன் என்கிற இரும்பு உருண்டை. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி, இரண்டுக்கும் மின் இணைப்பு. அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்ப ஏதாவது ஒரு கருவிக்குள் போகும்வரை இரண்டுமே அடுத்ததைக் கொடுக்காது. உருண்டையைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஸ்டேஷனில் நிற்காத வண்டியென்றால் ஓடும்போதே கையை வளையத்துக்குள் விட்டு வாங்க வேண்டும். முழங்கைக்கு மேலே கன்றிப்போன தடம் இல்லாத அசிஸ்டெண்டை அன்றைக்கு நான் பார்த்ததில்லை.

இதை விளையாட்டாக்குங்கள். தரையில் சுண்ணாம்பில் ஒரே ஒரு பாதை, இரண்டு முனையிலும் ஐந்தைந்து பிள்ளைகள், நடுவில் ஒரே பந்து. பந்து கையில் இல்லாதவன் கோட்டில் கால் வைக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் அவர்களே "ரெண்டு பந்து இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். அப்போது கருவியைக் காட்டுங்கள், முன்னால் காட்டாதீர்கள்.

யார்க்_பக்கம்:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். யார்க் தேசிய ரயில்வே மியூசியத்துக்கு எங்கள் வீட்டு வாண்டுகளோடு நாலைந்து முறை போயாயிற்று, நுழைவும் இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவியில் உலக சாதனை வைத்த மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. ஆனால் என் பையனுக்கு அது பொருட்டே இல்லை. அவன் நிற்பது எல்லர்மன் லைன்ஸ் என்ற எஞ்சினிடம். பக்கவாட்டில் அறுத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள், நெருப்பின் சூடு எந்தெந்தக் குழாய் வழியே போகிறது என்று விரல் நீட்டிச் சொல்லலாம். உங்களால் எஞ்சினை அறுக்க முடியாது, சரி. ஒரு பெரிய படம் வரைந்து எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைக்கலாமே? ஜப்பான் கொடுத்த புல்லட் ரயில் பெட்டியும் அங்கே உண்டு, உள்ளே போய் உட்காரலாம். கயிறு கட்டித் தள்ளி நிறுத்தாமல் எங்காவது ஓரிடத்தில் தொட விட்டால் போதும்.

போல்ட்_நட்டு:
தொட விடுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பழைய பாய்லர்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பார்கள், அதை முறையாக நீக்கியாயிற்றா என்று தெரியாமல் ஒரு பிள்ளையையும் கேபினில் ஏற்றாதீர்கள். மே மாத வெயிலில் இரும்பைத் தொட்டால் தோசைக்கல்தான், அதனால் முதல் செலவு நிழல், இரண்டாவது தாத்தா பாட்டிக்குப் பெஞ்சு. உட்கார இடமில்லை என்றால் பெரியவர்கள் "வா போகலாம்" என்பார்கள், பிள்ளைகள் என்ன செய்யும்?

பலகைக்கு ஒரு யோசனை. தகவல் எழுதாமல் கேள்வி எழுதுங்கள். டெல்லி மியூசியத்தில் 1907-ஆம் ஆண்டு பாட்டியாலா மோனோரயில் இருக்கிறது, தண்டவாளம் ஒன்றே ஒன்று. "இது ஏன் சாயவில்லை?" என்று மட்டும் கேட்டால் போதும், பக்கவாட்டில் தரையில் உருளும் பெரிய சக்கரத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். உங்கள் எஞ்சின் பெயரும் அப்படித்தான். ஒய் என்றால் மீட்டர்கேஜ், பி என்றால் பயணிகள் வண்டி. டபிள்யூ அகலப்பாதை, ஜி சரக்கு, ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், டி டீசல். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்டேஷனில் நிற்கிற எஞ்சினைப் பார்த்து, "அப்பா, டபிள்யூ.ஏ.பி!" என்று கத்தும்.

ஞாயிறு_எஞ்சின்:
மாமா, இன்றைக்குச் செய்து பார்த்துவிட்டேன். பந்துக்குப் பதில் தேங்காய், வளையத்துக்குப் பழைய சைக்கிள் டயர். கூடவே தரையில் அகலப்பாதைக்கு 1676 மில்லிமீட்டரும் மீட்டர்கேஜுக்கு 1000 மில்லிமீட்டரும் இடைவெளி விட்டுக் கோடு போட்டு, குறுக்கே படுக்கச் சொன்னோம். ஆறு வயதுப் பிள்ளை அகலப்பாதைக்குள் அடங்கிவிடுகிறது, மீட்டர்கேஜில் கால் வெளியே நீட்டுகிறது. அப்பாக்கள் சிலரும் படுத்தார்கள், ஒருவர் வேட்டியோடு. ஆஸ்பெஸ்டாஸ் விஷயம் கேட்டிருக்கிறேன், பதில் வரும்வரை கேபின் பூட்டித்தான் இருக்கும். அந்த அம்மா கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. எஞ்சின் எண்ணை வைத்து அது எந்த ஷெட்டில் இருந்தது என்று தேட வழியிருக்கிறதா மாமா?

மீட்டர்கேஜ்_மாமா:
எண்ணைப் போடுங்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.